தீக்காயப் படுக்கைக்கு யார் பணம் தருவது? சிவகாசி வட்டாரத்தில் பொது மருத்துவமனை நிதியின் அரசியல்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்துச் சிதறியபோது ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். காயம்பட்டோரில் பலரைச் சிவகாசியில் வைத்துச் சிகிச்சையளிக்க இயலாமல் மதுரைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. சிவகாசியிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து தரும் வட்டாரத்தில், தீக்காயத்துக்கு முழுமையான சிகிச்சை ஏன் இல்லை என்ற கேள்வி அன்று எல்லாக் கட்சியினராலும் கேட்கப்பட்டது.

இந்தத் தொலைவு என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். தீக்காயம் பெரிதாக இருந்தால் உடலிலுள்ள நீர் இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறும். அதை ஈடுசெய்ய நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டும். மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பார்க்லண்ட் கணக்குப்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 4 மில்லி லிட்டர் வீதம் முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 40 விழுக்காடு தீக்காயம் என்றால் 8 லிட்டர். அதில் பாதியான 4 லிட்டரை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். அந்த 8 மணி நேரம் தொடங்குவது காயம்பட்ட நொடியிலிருந்து. மருத்துவமனையில் பெயர் பதிந்த நொடியிலிருந்து அன்று. வண்டி கிடைப்பதும், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படுவதும் இந்தக் கணக்குக்குள்தான் கழிகின்றன.

உயிர் பிழைத்தபின் வருவது நீண்ட காலச் செலவு. நாள்தோறும் கட்டு மாற்றுவது, கிருமித் தொற்றைத் தடுப்பது, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுவது, கழுத்தும் விரல்களும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் மாதக்கணக்கில் இயன்முறைப் பயிற்சி தருவது, சுருங்கிவிட்டால் மீண்டும் அறுவைச் சிகிச்சை. கட்டிடத்தைவிட ஆட்களே இங்குத் தேவை: தீக்காயப் பராமரிப்பில் பழகிய செவிலியர்கள், ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், இயன்முறை மருத்துவர். மருத்துவமனை நிதி குறித்த பேச்சுவார்த்தைகளில் மிக எளிதாக விட்டுப்போவதும் இந்தச் செலவுதான்.

முதலிப்பட்டிக்குப் பின் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இயங்குகிறது. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால் வெடிவிபத்துகளும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் இரண்டு இடங்கள், 2024 பிப்ரவரியில் இராமுதேவன்பட்டி, அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. இவை பலர் ஒருசேர இறந்ததால் செய்தியானவை. ஒருவரும் இருவருமாக வெந்துபோகும் நாள்களை ஊர்க்காரர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர்.

ஒரே தொகுதியில் இரண்டு மருத்துவமனைகள்

பொது மருத்துவமனைக்கு நிதி எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதற்கு விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியே நல்ல பாடம். இத்தொகுதியின் திருப்பரங்குன்றம் சட்டமன்றப் பகுதியில் இருக்கிறது தோப்பூர். அங்குதான் மதுரை எய்ம்ஸ். விருதுநகர் நகரில் இருக்கிறது அரசு மருத்துவக் கல்லூரி.

எய்ம்ஸ் 2015 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. இடம் தோப்பூர் என்று முடிவாக 2018 ஆனது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 1,264 கோடி ரூபாய் என்று தொடங்கிய மதிப்பீடு 1,977 கோடியைத் தாண்டியது. அதில் 1,627 கோடிக்கும் மேல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடன். கடன் ஒப்பந்தத்துக்காகத் திட்டம் காத்திருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தல் பரப்புரையில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. 2022-இல் முதல் 50 மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிக்கத் தொடங்கினர். தோப்பூரில் முதன்மைக் கட்டுமானம் 2024-இல்தான் தொடங்கியது.

விருதுநகர் மருத்துவக் கல்லூரி வேறு வழியில் வந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளை ஒட்டி மருத்துவக் கல்லூரிகள் தொடங்கும் ஒன்றிய அரசின் திட்டத்தில், கல்லூரி ஒன்றுக்கு 325 கோடி ரூபாய் வரையறை. 60 விழுக்காடாகிய 195 கோடியை ஒன்றிய அரசும், 40 விழுக்காடாகிய 130 கோடியை மாநில அரசும் ஏற்க வேண்டும். வரையறையை மீறும் செலவு மாநிலத்தைச் சேர்ந்தது. 2020 மார்ச் 1 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். இடையில் ஆட்சி மாறியது. 2022 ஜனவரி 12 அன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பங்கேற்க, பிரதமர் மோடி காணொலி வழியே 11 கல்லூரிகளை ஒருசேரத் திறந்து வைத்தார். ஒன்றோடொன்று முரண்படும் மூன்று கட்சிகள், பெருந்தொற்றுக் காலத்தில், இரண்டே ஆண்டுகளில் ஒரு மருத்துவமனையைக் கட்டி முடித்தன.

இதில் கட்சிகளின் நல்லெண்ணத்தைத் தேட வேண்டியதில்லை. பங்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தது. மாநிலம் தன் பங்கை முன்கூட்டியே போட முடிந்தது. வேலை நின்றால் யாருடைய பங்கு வரவில்லை என்பது அனைவருக்கும் தெரிந்திருக்கும். எய்ம்ஸ் திட்டத்தில் மாநிலம் நிலம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

ஆனால் 60-க்கு 40 என்ற பங்கீடு கட்டிடத்துக்கும் கருவிகளுக்கும் மட்டுமே. ஆண்டுதோறும் தர வேண்டிய ஊதியம் மாநிலத்தின் சுமை. 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம், ஆசிரியர் பற்றாக்குறை உள்ளிட்ட குறைபாடுகளுக்காகத் தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. கட்டிடத் திறப்பு விழாவுக்கு ஒன்றிய அமைச்சரும் மாநில அமைச்சரும் வருகிறார்கள். செவிலியர் பணியிடம் ஒன்று நிரப்பப்படுவதற்கு எந்த விழாவும் இல்லை. அதற்காகப் பேசுவோரும் குறைவு.

காப்பீட்டுத் தொகை யாருடைய சுமையைத் தாங்குகிறது?

அரசு மருத்துவமனைக்கு வரும் இன்னொரு வருவாய் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் மாற்றியமைக்கப்பட்டு, 2018-இல் ஒன்றிய அரசின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை. அரசு மருத்துவமனையில் செய்யப்படும் சிகிச்சைக்கும் இதிலிருந்து தொகை வருவதால் அம்மருத்துவமனைகள் கருவி வாங்கவும் பிற தேவைகளுக்கும் அதைப் பயன்படுத்துகின்றன. இது ஏழை மக்களுக்குப் பெரும் துணை என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் பட்டாசு ஆலையில் வெந்த ஒருவருக்கு முதலில் வர வேண்டியது இந்தப் பணமன்று. தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ., இதற்கென்றே உருவானது. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில்தான் அதற்கான அடார்கர் அறிக்கை 1944-இல் வந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் முறைக்கும் அவர் காலத்தில்தான் வலு சேர்ந்தது. சட்டம் 1948-இல் நிறைவேறியது. 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளி 390 ரூபாயும் அவர் 90 ரூபாயும் கட்டினால் போதும். விபத்தில் வெந்தால் மருத்துவச் செலவு முழுவதும் கிடைக்கும். வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை. மருத்துவச் செலவில் 8-இல் 7 பங்கை ஈ.எஸ்.ஐ. கழகமும் 1 பங்கை மாநில அரசும் ஏற்கின்றன.

சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அதன் அட்டை யாரிடம் இருக்கிறது? இவ்வட்டாரத்தில் ஆலைகளை உரிமத்தின் பெயரால் தரம் பிரித்துப் பேசுவது வழக்கம்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். பெரிய ஆலைகளின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு அட்டை உண்டு. உரிமம் பெற்றவர் அறைகளைக் குத்தகைக்கு விட, குத்தகைதாரர் உள்குத்தகைக்கு விட, அங்கே எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 1948 சட்டமே ஒப்பந்தக்காரரின் ஆள்களுக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்றது. எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று.

இங்கேதான் மருத்துவமனை நிதியின் அரசியல் ஒளிந்திருக்கிறது. பதிவாகாத தொழிலாளி வெந்துபோனால் அவர் ஈ.எஸ்.ஐ. கணக்கில் வருவதில்லை. அரசு மருத்துவமனைக்கு வருகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டுகிறார். முதலாளி கட்டத் தவறிய 390 ரூபாயின் விளைவை மாநில மருத்துவத் துறையின் நிதி சுமக்கிறது. இதை நலத்திட்டம் என்று மட்டும் எழுதுவது சரியன்று. தொழிலுக்குத் தரப்படும் மறைமுக மானியம் என்றும் எழுத வேண்டும். இறந்தவர்களுக்கு முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்தும் பிரதமர் நிவாரண நிதியிலிருந்தும் சில இலட்சங்கள் அறிவிக்கப்படுவதும் அத்தகையதே. அச்சங்குளம் விபத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, இறந்தவரின் குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் என்றும், காயம்பட்டோருக்குத் தீக்காய விழுக்காட்டுக்கு ஏற்பவும் இழப்பீடு வரையறுத்தது. நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனியே இப்படிக் கணக்கிட வேண்டியிருப்பதே, ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்பதற்குச் சான்று.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், ஆபத்தான தொழில் என்று ஒன்றிய அரசு அறிவிக்கும் நிறுவனங்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்ற பிரிவு உள்ளது. புதிய தொகுப்புகள்மீது தொழிற்சங்கங்கள் வைக்கும் கடும் விமர்சனங்கள் நமக்கும் உடன்பாடானவையே. ஆயினும் இந்தப் பிரிவைப் பட்டாசுத் தொழிலுக்குப் பொருத்தச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

மகமை என்றொரு முன்மாதிரி

தொழில் தானே தன் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்றால், நலிந்த தொழில்மீது புதுச் சுமையா என்று கேட்பார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடைவிதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தபின் வேலைநாள்கள் குறைந்தன என்பது உண்மை. அதன் முதல் அடி தொழிலாளிகள்மீதே விழுந்தது என்பதும் உண்மை.

ஆனால் விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவது விருதுநகருக்குப் புதிதன்று. நாடார் வணிகர்கள் வாங்கும், விற்கும் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று ‘மகமை’ பிரித்து, உறவின்முறையின் பொறுப்பில் வைத்து, 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினர். காமராசர் படித்த பள்ளி அது. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899-இல் சிவகாசியில் தாக்குதலுக்கும் உள்ளான ஒரு சமூகம், தனக்குத்தானே வரி போட்டுக்கொண்டு எழுந்தது. அந்த வரலாற்றை நாம் மதிக்கிறோம். அதே ஊர்களில் இன்று மருந்து செலுத்தும் அறைகளில் உட்கார்ந்திருப்போரில் பெரும்பங்கினர் பள்ளர், பறையர், அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து வரும் பெண்கள். மகமை சாதிக்குள் திரட்டப்பட்டு, சாதி அமைப்பால் செலவிடப்பட்ட நிதி. நாம் கேட்பது சட்டத்தின்கீழ்த் திரட்டப்பட்டு, தொழிலாளரும் கணக்குக் கேட்கக்கூடிய நிதி.

அதற்கும் முன்மாதிரி உண்டு, தொலைவிலும் இல்லை. 1976-இல் பீடித் தொழிலாளர்க்கென இரண்டு சட்டங்கள் வந்தன. பீடிமீது தீர்வை விதித்து நலநிதி சேர்க்கப்பட்டது. அந்த நிதியின் வழியே பீடித் தொழிலாளர்களுக்கு மருந்தகங்களும் மருத்துவமனைகளும் வந்தன. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் அத்தகைய மருத்துவமனை ஒன்று இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடித் தீர்வையும் ஒழிக்கப்பட்டது. தனக்கென்று தனி வருவாய் இருந்த நிதி, ஆண்டுதோறும் ஒன்றிய அரசின் ஒதுக்கீட்டை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தது. பட்டாசுக்கு இன்று 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; அதில் ஒரு காசும் தீக்காயச் சிகிச்சைக்கென்று பெயர் எழுதி வருவதில்லை. சரக்கின்மீது புதுத் தீர்வை போடுவது இனி எளிதன்று. ஆனால் கட்டுமானத் தொழிலில் கட்டிடச் செலவின்மீது 1 விழுக்காடு வசூலித்து நலவாரியத்துக்குத் தரும் முறையை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்க்கெனத் தமிழ்நாட்டில் நலவாரியமும் உண்டு. உரிமக் கட்டணத்தோடு சேர்த்தோ, உற்பத்தி அளவை வைத்தோ வாரியத்துக்குப் பங்களிப்பு வாங்க வழி தேடலாம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைச் சிலர் சுட்டுவார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு கம்பெனிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அதுவும் 5 கோடி நிகர இலாபம் போன்ற வரம்புகளைத் தொட்டவற்றை மட்டுமே. பங்குதாரர் நிறுவனங்களாகவும் தனியுரிமை நிறுவனங்களாகவும் நடக்கும் ஆலைகளுக்கு அது பொருந்தாது. அவர்கள் தருவது நன்கொடை. நன்கொடையில் கட்டில் வரும், மின்விசிறி வரும், சுவரில் பெயர்ப் பலகை வரும். இயன்முறை மருத்துவரின் சம்பளம் வராது.

துணைத் திட்ட நிதியைத் தொடலாமா?

இவ்விடத்தில் நம் தோழர்கள் சிலரோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வெந்துபோவோரில் கணிசமானோர் தலித்துகள் என்பதால், தீக்காயப் பிரிவுக்குப் பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்திலிருந்தே பணம் கேட்கலாம் என்கின்றனர் அவர்கள். 1979-80-இல் சிறப்பு உட்கூறுத் திட்டமாகத் தொடங்கிய இது, மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதியைத் தனித் தலைப்பில் ஒதுக்கச் சொல்கிறது. அரசுக் கணக்கில் அதன் எண் 789. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. விருதுநகர் மாவட்டத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆந்திரமும் கருநாடகமும் 2013-இலேயே இதற்குச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024-இல்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது.

துணைத் திட்டத்தின் பழைய நோய் நமக்குத் தெரியும். எல்லோருக்குமான சாலையையும் மருத்துவமனையையும் கட்டிவிட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு தலித்துகளுக்குப் பயன்பட்டது என்று காகிதத்தில் எழுதி, நிதியைக் கழித்துவிடுவார்கள். தீக்காயப் பிரிவின் கட்டிடத்தையும் ஊழியர் ஊதியத்தையும் 789-இல் எழுதினால் அதே கதைதான். அவை முதலாளியும் அரசும் பட்டிருக்கும் கடன். தலித் மக்களின் பங்கை எடுத்து அந்தக் கடனை அடைக்கக் கூடாது என்பது நம் நிலைப்பாடு.

துணைத் திட்ட நிதிக்கு இங்கு வேறு வேலை இருக்கிறது. தாய் மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தால் வீட்டில் அடுப்பெரிவதில்லை. துணைக்கு உட்காரும் மகளின் கூலி போய்விடுகிறது. அவளது பள்ளிப் படிப்பும் சில வேளைகளில் போய்விடுகிறது. இறந்த தொழிலாளரின் பிள்ளைகளது கல்விச் செலவை அரசு ஏற்கும் என 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் அறிவித்து, முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கினார். வரவேற்கத்தக்கது. ஆனால் இறக்காமல், கை சுருங்கி, வேலைக்குத் தகுதியிழந்து வாழ்பவரின் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். துணைத் திட்ட நிதி நேராக இக்குடும்பங்களுக்குச் செல்லட்டும். அதற்கு முதலில் காயம்பட்டோர் எந்தச் சமூகத்தவர் என்ற கணக்கு வேண்டும். விபத்து குறித்த அறிவிப்புகளில் வயதும் ஊரும் இருக்கின்றன. அந்தத் தகவல் இருப்பதில்லை.

பேசுவது யார்?

மருத்துவமனை நிதி குறித்து ஒன்றிய அரசும் மாநில அரசும் பேசுகின்றன. உற்பத்தியாளர் சங்கத்தினர் அமைச்சர்களைச் சந்திக்கின்றனர், ஜி.எஸ்.டி., பேரியம், உரிமப் புதுப்பிப்பு என்று அவர்களது கோரிக்கைப் பட்டியல் தெளிவாக இருக்கிறது. தொழிற்சங்கங்கள் விபத்தன்று மறியல் செய்கின்றன. வெந்தவர்களின் ஊரிலிருந்து ஒருவரும் இந்தப் பேச்சுகளில் இல்லை. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளுக்கு நோயாளர் நலச் சங்கம் உண்டு. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நிதியில் ஒரு பகுதி அதன் வழியே செலவாகிறது. அதன் கூட்டங்களில் அலுவலர்களும் பெருந்தகைகளும் அமர்கின்றனர். பட்டாசு வட்டாரத்துத் தனி ஊராட்சிகளின் பெண் தலைவர்களுக்கு அங்கே இடம் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் நினைத்தால் போதும்.

அப்படி ஒருவர் சென்று அமர்ந்தால் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். தீக்காயப் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? இரவில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் இருக்கிறாரா? சென்ற ஆண்டு சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேரை மதுரைக்கு அனுப்பினீர்கள், வெந்து எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு? எத்தனை பேரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, இல்லாதவர்களின் செலவை எந்த ஆலையிடம் கேட்டீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவர் என்று பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தனியார் மருத்துவமனையிலும் அது செல்லும். வெம்பக்கோட்டைச் சாலையில் பேருந்து கவிழ்ந்தால் காயம்பட்டவருக்கு இந்தத் திட்டம் உண்டு. அதே சாலையோர ஆலையில் மருந்து வெடித்தால் இல்லை. அதையும் சேர்க்க ஓர் அரசாணை போதும்.